கஷ்டம் வேறு, கடுப்பு வேறு

கேள்வி சுருக்கமாக இதுதான். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற கணினி வியூக ஆட்டத்தின் டெஃபினிடிவ் எடிஷனில், மேப் அமைக்கும் எடிட்டரை வைத்து, சொந்தமாக ஒரு சினாரியோ, அதாவது கதையும் இலக்கும் உள்ள ஒரு மேப், செய்திருக்கிறீர்கள். ஒரு தளபதி, கூட இருபது வீரர்கள். எதிரி நாட்டைக் கடந்து தங்கள் கோட்டைக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் மூன்று இடங்களில் பதுங்கித் தாக்குகிறார்கள். தளபதி செத்தால் ஆட்டம் முடிந்தது. 40 நிமிடக் கெடு வேறு. மூன்று நண்பர்களிடம் ஆடக் கொடுத்தீர்கள். மூன்று பேரும் பாதியில் விட்டுவிட்டு “கடுப்பா இருக்கு” என்றார்கள். எளிதாக்கினால் சப்பென்று போய்விடுமே, என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

எளிதாக்க வேண்டாம். கஷ்டமாக இருக்கிறது என்பதற்காக யாரும் ஒரு வியூக ஆட்டத்தை விட்டுப் போய் நான் பார்த்ததில்லை. தோற்றவர் “இந்த இடத்தில் தப்புச் செய்துவிட்டேன், அடுத்த தடவை வேறு மாதிரி போகிறேன்” என்று சொல்ல முடிந்தால் திரும்ப ஆடுவார். பத்து முறை தோற்றாலும் ஆடுவார். ஏன் தோற்றோம் என்றே புரியவில்லை என்றாலோ, புரிந்த பிறகும் அதைத் தடுக்கத் தன் கையில் எதுவுமே இருந்திருக்கவில்லை என்று தெரிந்தாலோ, எழுந்து போய்விடுவார். உங்கள் நண்பர்கள் ‘கஷ்டமா இருக்கு’ என்று சொல்லாமல் ‘கடுப்பா இருக்கு’ என்று சொன்னதைக் கவனியுங்கள். சரியான சொல்லைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குறை மேப் செய்தவர் கண்ணில் படவே படாது. எந்த மரக்கூட்டத்துக்குப் பின்னால் எத்தனை வில்லாளிகள், எந்தப் பாலத்தில் கால் வைத்தால் எந்த டிரிக்கர் (‘இது நடந்தால் அது நடக்கட்டும்’ என்று எழுதி வைக்கும் கட்டளை) ஓடும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். போதாததற்கு, டெஸ்ட் பண்ணும்போது பெரும்பாலும் ‘மார்கோ’, ‘போலோ’ என்ற இரண்டு சீட் கோடுகளையும் (ஆட்டத்தை ஏமாற்றும் குறிச்சொற்கள்) போட்டுக்கொள்கிறோம். முதலாவது மேப் முழுவதையும் திறந்து காட்டும், இரண்டாவது நம் ஆட்கள் இல்லாத இடங்களை மறைக்கும் மூட்டத்தை விலக்கும். டிரிக்கர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அது வசதிதான். ஆனால் அப்படி ஐம்பது தடவை ஓட்டிய பிறகு, அதே மேப் இருட்டாக இருந்தால் எப்படித் தோன்றும் என்பது நமக்கு மறந்தே போகிறது.

எனக்கு இது உறைத்தது என் சித்தி மகனால். உங்களுடையதைப் போலவே ஒரு மேப் செய்திருந்தேன். ஒரு தூதுவனைக் காட்டு வழியாகக் கோட்டைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறையில் அவனை உட்கார வைத்து ஆடச் சொன்னேன். வழி கிழக்கே போகிறது. அவனோ ஆரம்பித்ததுமே வடக்கே போனான். ஏன் என்றால், வடக்கே ஒரு சாலை இருந்தது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான் சாலை நிலத்தை இழுத்துவிட்டிருந்தேன். அதற்கு வேறு எந்த வேலையும் இல்லை. எனக்கு அது அலங்காரம் என்று தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? சாலை இருந்தால் ஊர் இருக்கும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். சாலை ஒரு மரச் சுவரில் போய் முட்டி நின்றது. மரங்களுக்கு நடுவே இடுக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பதினான்கு நிமிடம் ஆயிற்று. “அண்ணே, இங்கேருந்து எங்க போகணும்?” என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து சாட் பெட்டியைத் திறந்து ‘மார்கோ’ என்று அடித்தான்.

அன்றிலிருந்து என் மேப்பை யார் ஆடினாலும் ஒரு விஷயத்தைத்தான் குறித்துக்கொள்கிறேன்: அவருக்கு எந்த நிமிடத்தில் ‘மார்கோ’ அடிக்கத் தோன்றியது? அந்த நிமிடத்தில் ஆட்டக்காரர் என் மேல் வைத்திருந்த நம்பிக்கை தீர்ந்துபோயிருக்கிறது. இந்த ஆளின் மேப்பை நேர்மையாக ஆடிப் பயனில்லை என்று முடிவுகட்டிவிட்டார். அவர் ஏமாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி உங்கள் மேப்புக்கு வருகிறேன். முதலில் அந்தப் பதுங்கித் தாக்குதல்கள்.

பெரும்பாலானவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், ‘இந்த இடத்துக்குள் ஆட்டக்காரரின் யூனிட் (வீரனோ பொறியோ) வந்தால்’ என்று ஒரு நிபந்தனை, ‘இந்த இடத்தில் யூனிட்டை உண்டாக்கு’ என்று ஒரு விளைவு. கல் எறியும் பொறிகளான மங்கோனல்கள் பத்தை வெறும் காற்றிலிருந்து வரவழைத்து, ஆட்டக்காரரின் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிடலாம். மங்கோனலின் அடி 40. கிராஸ்போ வீரனின் உயிர் 35. அதுவும் ஒருவர் மேல் விழும் அடி கிடையாது. பக்கத்தில் நெருக்கமாக நிற்பவர்களையும் சேர்த்து அள்ளும். குறுகலான பாதையில் இருபது பேர் கொத்தாகப் போகும்போது இரண்டு வீச்சில் கதை முடிந்தது. இப்போது ஆட்டக்காரரின் இடத்தில் இருந்து பாருங்கள். ஒரு நிமிடம் முன்னால் அவர் அந்த இடத்தைக் கடந்தே வந்திருக்கிறார். அங்கே யாரும் இல்லை. முன்னே ஒரு குதிரை வீரனை அனுப்பி வேவு பார்த்திருந்தாலும் எதுவும் தெரிந்திருக்காது, ஏனென்றால் அந்த எதிரிகள் அப்போது இருக்கவே இல்லை. அவர் செய்யக்கூடிய எந்த நல்ல காரியத்துக்கும் பலன் கிடையாது. சேவ் செய்ததை லோட் பண்ணி, ‘ஓ, இங்கே மங்கோனல் வரும்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு திரும்ப வருவதுதான் ஒரே வழி. அதில் வியூகம் எங்கே இருக்கிறது?

அதே தாக்குதலை நியாயமாகச் செய்யலாம், கொடூரம் கொஞ்சமும் குறையாமல். எதிரிகளை ஆரம்பத்திலேயே மேட்டின் மேல் நிறுத்திவிடுங்கள். வேவு பார்ப்பவர் கண்டுபிடிக்கட்டும். பாதையின் வாயில் இரண்டு மூன்று எலும்புக்கூடுகளை வையுங்கள், ஓர் உடைந்த வண்டி, எரிந்த வீட்டின் சிதிலம். எடிட்டரில் இதெல்லாம் இருக்கிறது. முந்தின சந்திப்பில் ஒரு விறகுவெட்டி வந்து, “கணவாயில் கல் எறிகிறார்கள் ஐயா” என்று ஒரு வரி சொல்லட்டும். கொஞ்சம் சுற்றிப் போனால் மேட்டின் பின்பக்கம் ஏறுகிற மாதிரி இன்னொரு தடம் வையுங்கள். இந்த ஆட்டத்தில் மேட்டில் இருந்து அடிப்பவருக்குத் தாக்கு கால் பங்கு கூடும், கீழே இருந்து அடிப்பவருக்குக் கால் பங்கு குறையும்; ஆகவே ஆட்டக்காரர் ஏறிப் போனால் அதற்கே ஒரு பரிசு இருக்கிறது. இத்தனைக்கும் பிறகும் அவர் அவசரப்பட்டு நேரே கணவாய்க்குள் போய்ச் செத்தால், கோபம் உங்கள் மேல் வராது. “அந்த விறகுவெட்டி சொன்னான்ல!” என்று தன் தலையிலேயே தட்டிக்கொள்வார். மூன்று தாக்குதல்களில் ஒன்றையாவது இப்படி மாற்றிப் பாருங்கள், மற்ற இரண்டையும் நீங்களாகவே மாற்றிவிடுவீர்கள்.

அடுத்தது தளபதி. அவர் செத்தால் தோல்வி என்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆட்டத்தோடு வந்த ஜோன் ஆஃப் ஆர்க் தொடரிலும் அந்த விதி உண்டு. ஆனால் நீங்கள் தளபதியாக வைத்திருப்பது யார் என்று பாருங்கள். எடிட்டரில் ஹீரோ என்று தனியாக இருக்கும் யூனிட்டாக இருந்தால் பொதுவாக அவரை எதிரித் துறவி மதம் மாற்ற முடியாது, காயமும் தானாக மெல்ல ஆறும். சாதாரண நைட் ஒருவருக்குப் பெயரை மட்டும் மாற்றித் தளபதி ஆக்கியிருந்தால் இந்த இரண்டும் கிடையாது. எதிரிப் படையில் ஒரே ஒரு துறவி இருந்தால் போதும், உங்கள் தளபதி நிறம் மாறி எதிரி பக்கம் போய்விடுவார். அவர் சாகவில்லை, ஆகவே உங்கள் தோல்வி டிரிக்கர் ஓடாது. அவர் உங்கள் கையில் இல்லை, ஆகவே கோட்டைக்குக் கொண்டு சேர்க்கவும் முடியாது. ஜெயிக்கவும் முடியாமல் தோற்கவும் முடியாமல், கெடு முடியும்வரை ஆட்டக்காரர் நடுக்காட்டில் நின்றுகொண்டிருப்பார். இதுபோல ஒரு மேப்பில் நான் அரை மணி நேரம் அலைந்திருக்கிறேன். அதை இன்னும் மறக்கவில்லை.

தளபதி செத்ததும் ‘தோல்வி’ என்று திரை விழுவதற்குப் பதிலாக வேறு ஏதாவது நடக்கலாமா என்றும் யோசியுங்கள். பாதி வழி தாண்டிய பிறகு அவர் விழுந்தால், துணைத் தளபதி பொறுப்பேற்று, மிச்சம் இருப்பவர்களைக் காப்பாற்றுவது புதிய இலக்காக மாறலாம். ஒரு டிரிக்கரை நிறுத்தி இன்னொன்றை ஓடவிடுகிற வேலைதான். வெற்றியின் தரம் குறையும், ஆனால் 35 நிமிட உழைப்பு ஒரே அம்பில் காற்றோடு போகாது.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுகிற விஷயத்துக்கு வருகிறேன். மேப் செய்பவர்களில் பாதிப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆட்டக்காரர் எப்போது தோற்றார், தோற்றது அவருக்கு எப்போது தெரிந்தது? இந்த இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் இருக்கிறது?

உங்கள் மேப்பில் இருபது பேர். புதிதாக யாரையும் உருவாக்க முடியாது. ஃபிக்ஸ்ட் ஃபோர்ஸ் என்று சொல்வோமே, அந்த வகை. முதல் தாக்குதலில் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பேரை வைத்துக்கொண்டு கடைசிக் கோட்டை வாசல் சண்டையை ஜெயிக்கவே முடியாது என்று உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்கள் பதினைந்து பேருக்குக் கணக்குப் போட்டு அந்தச் சண்டையை வைத்திருக்கிறீர்கள். அவருக்குத் தெரியாது. எட்டாவது நிமிடத்திலேயே தோற்றுவிட்டவர் 33வது நிமிடம் வரை கவனமாக, ஒவ்வொரு வீரனையும் பொத்திப் பொத்திக் கொண்டுபோய், கடைசியில் அங்கே சாகிறார். அந்த 25 நிமிடமும் வீண் என்று அப்போது அவருக்குப் புரிகிறது. அவரிடம் சேவ் இருக்கலாம். அதுவும் பத்தாவது நிமிடத்தில், அதாவது தோற்றுப்போன பிறகு, செய்த சேவாக இருக்கும்.

‘பேட்டில் ஃபார் வெஸ்நாத்’ ஆடியிருக்கிறீர்களா? டேவிட் ஒயிட் 2003இல் தொடங்கிய, இலவசமாகக் கிடைக்கும் திறமூல ஆட்டம். அறுகோணக் கட்டங்களில் முறை வைத்து ஆடுவது. அதற்கு ஆட்டக்காரர்களே எழுதிய தொடர் சினாரியோக்கள் ஏராளமாக உண்டு. நான் சொன்ன நோய் அங்கே இன்னும் பெரிய அளவில் வரும். ஒரு சினாரியோவில் மிஞ்சிய தங்கத்தில் ஒரு பங்கு அடுத்த சினாரியோவுக்கு வருகிறது. சீக்கிரம் முடித்தால் அதற்கும் தங்கம். பழைய வீரர்கள் அனுபவம் சேர்த்து மேல்நிலைக்கு ஏறுகிறார்கள். அடுத்த சினாரியோவில் ஒருவரைத் திரும்பக் கூப்பிட வழக்கமாக 20 பொன். இந்த ஏற்பாடு அருமையானது, முந்தைய சண்டையில் காட்டிய சிக்கனம் பின்னால் பலன் தருகிறது. ஆனால் தொடரை எழுதியவர் ஏழாவது சினாரியோவை, தான் சேர்த்து வைத்திருந்த தங்கத்தையும் தன் மூன்றாம் நிலை வீரர்களையும் மனதில் வைத்து அமைத்திருப்பார். மூன்றாவது சினாரியோவில் தட்டுத்தடுமாறி, கடைசி முறையில், கஜானா காலியாக ஜெயித்த ஒருவர் அங்கேயே தொடரைத் தோற்றுவிட்டார். ஆட்டமோ அவரிடம் ‘வெற்றி’ என்றது. பல மணி நேரம் கழித்து, நான்கு சினாரியோ தள்ளி, படை திரட்டப் பொன் இல்லாமல் அவர் சுவரில் முட்டிக்கொள்கிறார். எங்கே தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே இல்லை. நல்ல தொடர்களை எழுதியவர்கள், எவ்வளவு மோசமாக வந்து சேர்ந்தாலும் இவ்வளவு பொன் நிச்சயம் உண்டு என்று ஒரு குறைந்தபட்சத்தை வைத்துவிடுகிறார்கள். நன்றாக ஆடியவருக்கு அதற்கு மேலே கிடைக்கும், சுமாராக ஆடியவரும் உயிரோடு இருப்பார்.

உங்கள் மேப்புக்கும் அதே மருந்துதான். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ஆட்டக்காரரின் நிலை கொஞ்சமாவது மேலே வர ஓர் இடம் வேண்டும். காயம் ஆற்ற ஒரு துறவி வந்து சேரலாம். சிறையில் அடைபட்ட ஐந்து பேரை விடுவிக்கலாம். ஒரு கிராமத்தைக் காப்பாற்றினால் நான்கு ஈட்டி வீரர்கள் கூட வரலாம். ஜோன் ஆஃப் ஆர்க் தொடரின் முதல் சினாரியோவும் இந்த வகைதான். ஜோனை சினோன் கோட்டைக்குக் கொண்டு சேர்க்கும் பயணம், வழியில் வேறு வீரர்களும் வந்து சேர்வார்கள். அப்படிச் சேரும் வீரர்கள் கதைக்கு மட்டும் உதவுவதில்லை, அதற்கு முன் செய்த தப்பையும் கொஞ்சம் ஈடுகட்டுகிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. இவ்வளவு பேருக்குக் கீழே போனால் இனி முடியாது என்று உங்களுக்கே தெரிந்தால், அங்கேயே தோல்வியை அறிவித்துவிடுங்கள். எட்டாவது நிமிடத்தில் சொல்லப்பட்ட தோல்வி வலிக்காது, உடனே திரும்ப ஆரம்பிப்பார்.

கெடு பற்றி. 40 நிமிடம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதாவது டைமரில் 2400 நொடி கொடுத்திருப்பீர்கள். அது ஆட்டத்தின் நொடி, கடிகாரத்தின் நொடி கிடையாது. டெஃபினிடிவ் எடிஷனின் சாதாரண வேகம் 1.7. அந்த வேகத்தில் உங்கள் 40 நிமிடம் உண்மையில் 23 நிமிடம் 32 நொடிதான். வேகத்தை 2.0இல் வைத்து ஆடும் பழக்கம் உள்ளவருக்கு 20 நிமிடம். வீரர்கள் வேகமாக நடப்பார்கள்தான், ஆனால் ஆட்டக்காரரின் கையும் கண்ணும் யோசனையும் அந்த அளவுக்கு வேகம் கூடாது. அடிக்கடி நிறுத்தி வைத்து வேவு பார்த்து, யோசித்துப் போகிற சினாரியோவில் கெடு வைத்தால், கவனமாக ஆடுபவரைத்தான் அது தண்டிக்கும். நீங்கள் உண்மையில் பரபரப்பைத்தானே விரும்புகிறீர்கள்? அப்படியானால் பின்னால் ஒரு துரத்தும் படையை வையுங்கள். கண்ணுக்குத் தெரிகிற படை. அது நெருங்க நெருங்க ஆட்டக்காரரே வேகத்தைக் கூட்டுவார், பாலத்தை உடைத்து அதைத் தாமதப்படுத்தலாமா என்று யோசிப்பார். மூலையில் ஓடும் எண்ணோடு யாரும் தந்திரம் பண்ண முடியாது.

வெஸ்நாத்தில் கெடு இன்னொரு விதமாகக் கழுத்தைப் பிடிக்கும். அங்கே பகலும் இரவும் ஆறு முறைகளில் ஒரு சுற்று: விடியல், முற்பகல், பிற்பகல், அந்தி, முதல் சாமம், இரண்டாம் சாமம். ஒழுங்குப் பிரிவைச் சேர்ந்த மனிதப் படைகளுக்குப் பகலில் தாக்கு 25 சதவீதம் கூடும், இரவில் அதே அளவு குறையும். ஓர்க்குகள் என்ற கற்பனை இனத்துக்கு நேர்மாறு. ஓர்க் கோட்டையை நீங்கள் ஐந்து முறை நடை தூரத்தில் வைத்துவிட்டால், விடியலில் கிளம்பும் மனிதப் படை சரியாக முதல் சாமத்தில் போய் நிற்கும். மொத்தக் கெடு 12 முறை என்றால் நின்று விடியும்வரை காத்திருந்து, எட்டாவது ஒன்பதாவது முறையில் அடிக்கலாம். அது ஒரு நல்ல முடிவு எடுக்கும் இடம். கெடு 7 முறை என்றால் முடிவெடுக்க எதுவுமே இல்லை, இருட்டில் போய்ச் சாக வேண்டியதுதான். தூரத்தையும் கெடுவையும் தனித்தனியாகத் தீர்மானித்தவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார்.

இப்போது மரங்கள். உங்கள் மேப்பில் பாதையின் இரண்டு பக்கமும் காட்டை வைத்து அடைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். நடந்து போகும் படைக்குக் காடு நல்ல சுவர். ஆனால் வழியில் ஆட்டக்காரருக்கு ஓர் ஆனாஜர் (மங்கோனலின் அடுத்த கட்டப் பொறி) கிடைக்கிற மாதிரி வைத்திருந்தால் ஜாக்கிரதை. ஆனாஜரைத் தரையை நோக்கி அடிக்கச் சொன்னால் மரங்களை வெட்டித் தள்ளிப் பாதை போட்டுவிடும். கெட்டிக்கார ஆட்டக்காரர் அதைச் செய்தே தீருவார், உங்கள் இரண்டாவது தாக்குதலைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார். இந்த இடத்தில் மேப் செய்பவருக்கு ஒரு சபலம் வரும்: ‘என் திட்டத்தை மீறிவிட்டானே’ என்று, காட்டுக்குள் கால் வைத்தால் யூனிட் சாகிற மாதிரி ஒரு டிரிக்கர் வைத்துவிடத் தோன்றும். நானும் வைத்திருக்கிறேன். செய்யாதீர்கள். அவர் ஆட்டத்தின் விதியைப் புரிந்துகொண்டு, அதற்கு உட்பட்டு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், அதற்கு ஒரு பரிசுதான் கொடுக்க வேண்டும். காட்டுக்கு நடுவே கொஞ்சம் தங்கமும், “இந்த வழியாகவும் வந்தாயா!” என்று கேட்கும் ஒரு முனிவரும் இருந்தால் அவர் உங்கள் மேப்பைப் பத்துப் பேரிடம் சொல்வார். அந்த வழி கதையையே கெடுத்துவிடும் என்றால் ஆனாஜரைக் கொடுக்காமல் இருங்கள், அல்லது அந்த இடத்தில் காட்டுக்குப் பதில் பாறைச் சரிவை வையுங்கள். கொடுத்த கருவியைப் பயன்படுத்தியதற்காகத் தண்டிப்பதுதான் தவறு.

குறுகலான பாதைகளைப் பற்றி ஒரே வரி: இருபது பேர் ஒரு கட்ட அகலப் பாதையில் போனால் ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு பாதிப் பேர் திரும்பி வேறு வழி தேடிப் போவார்கள், ஆகவே மூன்று கட்டமாவது விடுங்கள்.

‘எல்லா எதிரிகளையும் அழி’ என்ற இலக்கு உங்களுடையதில் இல்லை, நல்லது. அதை மட்டும் என்றைக்கும் சேர்க்காதீர்கள். பெரிய மேப் ஒன்று 240க்கு 240. கூட்டிப் பார்த்தால் 57,600 கட்டம். சண்டையெல்லாம் முடிந்த பிறகு அதில் எங்கோ மூலையில் ஒளிந்திருக்கும் ஒரு கிராமத்தானைத் தேடி அலைவது போல அலுப்பு எதுவும் இல்லை.

சோழர் கதையை வைத்து மேப் செய்யப் போகிறேன் என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். 2022இல் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் பகுதி வந்ததிலிருந்து திராவிடர் என்ற நாகரிகமும், அவர்களுக்கு உருமி வாள் வீரனும், திரிசடை என்ற போர்க்கப்பலும் கைக்கு வந்துவிட்டன. ராஜேந்திரன் பெயரில் ஒரு தொடரும் அதிலேயே இருக்கிறது. அதனால் நம் ஆட்கள் பலருக்கும் கடாரப் படையெடுப்பைச் சொந்தமாகச் செய்து பார்க்கும் ஆசை வந்திருக்கிறது. எனக்கும் வந்தது. அதில் நான் தடுக்கி விழுந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியில் அந்தக் கடற்படையெடுப்பில் வென்ற ஊர்கள் வரிசையாக வருகின்றன: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம் என்று தொடங்கிக் கடாரம் வரை பதிமூன்று. ஒன்றைக்கூட விட மனசு வராமல் எல்லாவற்றையும் ஒரே மேப்பில் வைத்தேன். பதிமூன்று துறைமுகம், பதிமூன்று முறை கப்பலில் ஏற்றி இறக்குதல். ஐந்தாவது ஊரிலேயே எனக்கே கை சலித்துப்போனது. எல்லாம் ஒரே சண்டைதான், ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது.

அப்புறம் அந்த மெய்க்கீர்த்தியையே திரும்ப நிதானமாகப் படித்தேன். அதை எழுதிய புலவர் ஊர்களை வெறுமனே அடுக்கவில்லை. மாயிருடிங்கத்துக்கு ஆழ்கடலே அகழி என்கிறார். மாப்பப்பாளத்துக்கு நிறைந்த நீரே காவல். மேவிலிம்பங்கத்துக்கு மதில். மாநக்கவாரத்துக்குத் தேன் நிறைந்த சோலைகள். ஊருக்கு ஓர் அடையாளம், அநேகமாக அது அந்த ஊரின் தற்காப்பைப் பற்றியே இருக்கிறது. நான் செய்ய வேண்டிய வேலையை ஆயிரம் வருடத்துக்கு முன்பே செய்து வைத்திருக்கிறார். அதிலிருந்து நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒன்றில் இறங்கக் கரையே கிடையாது, திரிசடையை வைத்துக் கடலிலேயே முடிக்க வேண்டும். ஒன்றில் ஆழமில்லாத நீர், கப்பலும் போகும், ஆளும் நடந்து போகலாம். ஒன்றில் மதில், ஆகவே மதில் இடிக்கும் படையைக் கப்பலில் ஏற்றி வந்திருக்க வேண்டும். ஒன்றில் சண்டையே இல்லை, சோலைத் தீவில் உணவு சேர்த்துக்கொண்டு கிளம்பலாம். ஊருக்கு ஊர் யோசனை மாறியதும், எண்ணிக்கையைக் குறைத்தும் கஷ்டம் குறையவில்லை. உங்கள் மூன்று பதுங்கித் தாக்குதலும் ஒன்றுக்கொன்று இப்படி வேறுபடுகின்றனவா என்று பாருங்கள்.

சின்னதாக இன்னொன்று. எடிட்டரில் ஆட்டத்தின் கஷ்ட நிலையைச் சரிபார்க்கும் நிபந்தனை ஒன்று உண்டு. அதை வைத்து எதிரியின் எண்ணிக்கையைக் கூட்டுவதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். நான் அதைத் தகவலுக்குப் பயன்படுத்துகிறேன்: எளிய நிலையில் விறகுவெட்டி இரண்டு வரி சொல்வார், மேட்டின் மேல் ஒரு மேப் ரிவீலர் எதிரிகளைக் காட்டிக்கொடுக்கும், கடின நிலையில் எலும்புக்கூடுகள் மட்டும் இருக்கும், மிச்சத்தை ஆட்டக்காரரே ஊகிக்க வேண்டும். எதிரி இரண்டிலும் ஒன்றுதான்.

அந்தத் தூதுவன் மேப்பைத் திருத்த எனக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது. வடக்குச் சாலையை அழிக்க மனமில்லை, அதன் முடிவில் எரிந்துபோன ஒரு சாவடியும், கிழக்கே போன வண்டித் தடமும் வைத்தேன். கணவாய்ச் சண்டையில் ஒரு எதிரியைக்கூடக் குறைக்கவில்லை. இன்னும் இரண்டு குதிரை வீரர்களைச் சேர்த்தேன். சித்தி மகனைத் திரும்ப உட்கார வைத்தேன். முதல் தடவை பாலத்திலேயே செத்தான். இரண்டாவது தடவை கணவாய் வரைக்கும் போய்ச் செத்தான். சாப்பிடக் கூப்பிட்டதற்கு எழுந்து வரவில்லை. “அண்ணே, குதிரை வர்ற சத்தம் கேட்டப்பவே ஈட்டிக்காரங்கள பாலத்துக்கு முன்னாடி நிறுத்தியிருக்கணும், நான் அந்தப் பக்கம் தாண்டிப் போயிட்டேன்,” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது தடவை ஆரம்பித்தான்.